கடற்களிமண்ணை எவ்வளவு நம்பலாம்?

கணக்கன்: சிங்கப்பூரில் காலாங் படிவம் எனப்படும் மண்ணடுக்கின் கடற்களிமண் உள்ள மனைகளில், மாசு நகர்வை அறியப் பன்னிரண்டு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டுவது வீண்செலவு என்பேன். அக்களிமண்ணின் ஊடுருவுதிறனை, அதாவது நீரைக் கடத்தும் திறனை, நொடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்றும், நீர்மட்டச் சரிவை 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்றும், நுண்துளை அளவை மண்ணின் கனஅளவில் பாதி என்றும் கொண்டு, மண்ணூடே நீர் ஓடுவதைப் பற்றி 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி தந்த விதிப்படி கணக்கிட்டால், நீர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

துளைக்காரர்: கணக்கில் பிழையில்லை ஐயா, ஆனால் அது களிமண்ணின் கணக்கு, மனையின் கணக்கன்று. காலாங் அருகே மாதிரிக் குழாயைப் பிளந்தபோது, சாம்பல்நிறக் களிமண்ணின் நடுவே இரண்டு விரற்கடை மணல் ஈரத்தில் மினுங்கியதைக் கண்டிருக்கிறேன். மணலின் ஊடுருவுதிறன் களிமண்ணைப்போல் ஒரு லட்சம் மடங்கு இருக்கக்கூடும் என்பதால், அதே சரிவில் நீர் ஆண்டுக்கு 60 மீட்டருக்கு மேல் போய்விடும். மேலும், மேல், கீழ்க் களிமண் அடுக்குகளுக்கு இடையிலுள்ள இறுகிய அடுக்கு, கடல் பின்வாங்கிய காலத்தில் வெயிலில் காய்ந்தது. காய்ந்த களிமண் வெடிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கணக்கன்: அந்த மணல் பட்டை எங்கும் தொடராமல் பத்தடியில் முடிந்திருக்கலாம். அதைத் தேடி நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும் களிமண்ணைக் குத்துகிறது. நீரில் ஊதிப் பெருக்கும் பெண்டோனைட் களிமண்ணால் சரியாக அடைக்காவிட்டால், மாசு இறங்குவதற்கான வழியை நாமே திறந்துவிட்டவர்களாவோம்.

பொங்கோல்வாசி: எந்த மாசு என்பதை இருவருமே கேட்கவில்லை. குளோரைடு நீரோடு கூடவே ஓடும். குப்பைமேட்டுக் கசிவுநீரிலுள்ள அம்மோனியமோ களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். டிரைக்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான் நீரைவிடக் கனமானதால், நீர் ஓடும் திசையைப் பொருட்படுத்தாமல் இறங்கி, களிமண்ணின் மேற்பரப்புப் பள்ளங்களில் தேங்கும். கிணற்றுக்குள் நீரை விடும் சல்லடைக்குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் பன்னிரண்டு கிணறுகளும் சுத்தமான நீரையே காட்டும்.

துளைக்காரர்: ஒப்புக்கொள்கிறேன். மணல் தொடர்கிறதா என்பதை அறிய, ஒரு கிணற்றில் நீரை இறைத்து, மற்றவற்றில் மட்டம் தாழ்கிறதா என்று பார்க்கலாம். இறைத்த நீரைக் கால்வாயில் விடாமல் தொட்டியில் பிடிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

கணக்கன்: இறைப்புச் சோதனைக்கு மறுப்பில்லை, ஆனால் அதற்கு மூன்று கிணறுகள் போதும், பன்னிரண்டு வேண்டியதில்லை.

துளைக்காரர்: மட்டம் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துவிட்டு நான்காவதைப் பற்றிப் பேசுவோம்.