பஸ்ஸில் படித்தது கணக்கில் வருமா?

அரைத்தூக்கம்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: கல்லூரியில் 18 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் படித்தாராம், வாரம் 20 மணி நேரம் வேலைக்கும் போனாராம், நண்பர்களையும் விடவில்லையாம். முடியாது என்பவர்கள் சோம்பேறிகளாம். பற்றிக்கொண்டு வந்தது. கிரெடிட் ஒன்றுக்கு வாரம் வகுப்பில் ஒரு மணி, வெளியே இரண்டு மணி என்று பலரும் போடுகிற கணக்கை வைத்தாலே 54 ஆகிறது. வேலையோடு 74. இதில் நண்பர்களை எங்கே ஐயா சொருகினீர்கள்?

கணக்குப்புலி: அதை எழுதியது நான்தான், பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? வாரத்துக்கு 168 மணி. 74 போச்சு. தினம் எட்டு மணி தூக்கம், 56. மிச்சம் 38. போதாதா?

மூன்றாம்பெஞ்ச்: குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது? கல்லூரிக்குப் பறந்தா போகிறீர்கள்?

கணக்குப்புலி: பஸ்ஸில் தினம் இரண்டு மணி, ஆறு நாள். அங்கேயே படிப்பேன். 12 மணி நேரப் படிப்பு அதிலேயே முடிந்தது.

அரைத்தூக்கம்: பஸ்ஸில் படிப்பதெல்லாம் படிப்பா? நானும் முயன்றவன்தான். ஒரு கை கம்பியில், மறு கையில் போன். ஒரே பாராவை ஆறு நிறுத்தமாகப் படித்தேன். இறங்கும்போது நினைவில் நின்றது பக்கத்தில் இருந்தவரின் போன் சண்டை மட்டும்.

கணக்குப்புலி: உங்களுக்குக் கவனம் சிதறினால் பஸ் என்ன செய்யும்? 12 மணி 12 மணிதான்.

புதுவரவு: எனக்கு ஒரு சந்தேகம். ஐந்து பாடம், மாலையில் வேலை. ஒரு பாடத்தை இப்போதே விட்டுவிடலாமா? நாளைக்குள் சொல்ல வேண்டும்.

நூலகப்பூனை: நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படித்தால் மனதில் நிற்கும்.

கணக்குப்புலி: கேட்டீர்களா? இடைவெளி விட்டு! காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. பஸ்!

மூன்றாம்பெஞ்ச்: அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை. உங்கள் பஸ் படிப்புக்குப் பொருத்தமான ஆள்தான்.

கணக்குப்புலி: குழு புராஜெக்டில் கடைசி நாள் வரை தலைகாட்டாதவர் எனக்குப் படிப்பு சொல்லித் தருகிறார். சரி சரி.

மூன்றாம்பெஞ்ச்: அன்று எனக்குக் காய்ச்சல். போன வருஷமே விளக்கியாயிற்று. உங்களைப் போலப் பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பும் ஆள் நான் இல்லை.

கணக்குப்புலி: 40 நிமிஷம் இருந்தேன். அந்த 38 மணியில்தான் அதுவும் வருகிறது.

நூலகப்பூனை: நண்பனுக்குக்கூட டைம்டேபிளா? அப்புறம், வேலை முடிந்து வந்து அரை மணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போமே, அது எந்தக் கட்டத்தில்?

கணக்குப்புலி: அது சோம்பல். நேற்றே எழுதினேன்.

அரைத்தூக்கம்: வாரம் 74 மணி உழைத்தவன் சுவரைப் பார்த்தால் சோம்பலா? பேச்சை மாற்றாதீர்கள். நின்றுகொண்டு எப்படி நோட்ஸ் எழுதினீர்கள்?

கணக்குப்புலி: யார் நின்றது? முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவன் நான். ஜன்னலோர இருக்கை. இதை முன்பே சொன்னேன்.

மூன்றாம்பெஞ்ச்: சொல்லவில்லை.

கணக்குப்புலி: மேலே போய்ப் பாருங்கள்.

அரைத்தூக்கம்: பார்த்தாயிற்று. சொல்லவில்லை.