திங்கள் அச்சுக்கு: 'கிளீனர்-சீலன்ட்' தமிழில் என்ன?

தொழிற்பயிற்சி ஆசிரியர், கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். கார் பராமரிப்புக் குறுகிய காலப் பயிற்சிக்குக் கையேடு தயாராகிறது. திங்கட்கிழமை புதுச்சேரி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பெயின்ட்டில் படிந்த அழுக்கை எடுத்து, அதே கையோடு பாதுகாப்புப் படலத்தையும் விட்டுச் செல்லும் திரவத்துக்கு ஒரு பெயர் வேண்டும். கடையில் 'ஆல் இன் ஒன்' என்பார்கள். பம்பர், ஓரப் பட்டை போன்ற கருப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கும், அதாவது டிரிமுக்கும், அதையே பூசலாம் என்று விற்பதும் உண்டு. எனக்கு முன் எழுதியவர் 'அனைத்தும்-ஒன்றில் தூய்மையாக்கி மற்றும் அடைப்பான்' என்று போட்டிருக்கிறார். வகுப்பில் இதை வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கால்நடை மருத்துவர், பண்ருட்டி:

அடைப்பான் வேண்டாம் ஐயா. எங்கள் துறையில் அது ஆந்த்ராக்ஸ். காருக்கு அடைப்பான் என்று எழுதினால் நான்தான் ஊசியோடு வர வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

மெருகு இருக்கும்போது ஏன் இந்தத் தேடல்? 'மெருகுநீர்' என்று வையுங்கள். முடிந்தது.

பட்டறைக்காரர், வில்லியனூர்:

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், முடியவில்லை. மெருகு என்றால் பையன்கள் பாலிஷ் என்றுதான் நினைப்பார்கள். பாலிஷில் நுண்துகள் இருக்கும். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்துத்தான் அது கீறலைப் போக்குகிறது. அதையே சொரசொரப்பான கருப்பு பம்பரில் தேய்த்தால் குழிகளுக்குள் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், லேசில் போகாது. டிரிமுக்கும் சேர்த்து வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, துகள் இல்லாத சரக்கா என்பதை. அப்படிப்பட்டது ரசாயனத்தால் அழுக்கை இளக்கும், கீறலைத் தொடாது. அப்புறம், சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். பொதுவாக, பனை வகை மரத்து இலையிலிருந்து எடுக்கும் கார்னவுபா மெழுகைவிட நாள் தாங்கும். ஆனால் சுத்தமும் காப்பும் ஒரே புட்டியில் வரும்போது, தனியாகப் பூசும் சீலன்ட் அளவுக்கு உழைப்பைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. சொல் எதுவாகவும் இருக்கட்டும், கீறல் போய்விடும் என்று ஆசை காட்டக் கூடாது. இன்னொன்று: பீச் ரோட்டில் நிற்கும் வண்டியில் உப்பும் மணலும் இருக்கும். கழுவாமல் இதைத் தேய்த்தால் மணலே கோடு போட்டுவிடும். இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:

அண்ணன் சொன்னதற்குள்ளேயே சொல் இருக்கிறது. தேய்ப்பது வேறு, துலக்குவது வேறு. பித்தளைக் குடத்தில் சாம்பல் தேய்க்கிறது, புளி துலக்குகிறது. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறதே தவிரச் சுரண்டுவதில்லை. ஆகவே 'துலக்குக்காப்பு'.

தமிழாசிரியர்:

எங்கள் வீட்டில் சாம்பலாலும் துலக்குவார்கள் அம்மா. அது போகட்டும். ஒற்று எப்படி வந்தது? வினைத்தொகை என்றால் மிகாது. துலக்குதலும் காத்தலும் என்று உம்மைத்தொகையாகக் கொண்டாலும் மிகாது. ஒற்றுப் போட்டால் வேற்றுமைத் தொகையாகி, துலக்குவதிலிருந்து காப்பது என்று பொருள் தலைகீழாகும்.

காப்பு என்றால் வளையல், திருநீறு, நூலின் முதற்செய்யுள் என்று ஏற்கெனவே சுமை அதிகம். நம் கடலூர் முதுநகரில் தோணிப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசுவதற்குக் 'கலப்பற்று' என்று பெயர். கலம், பற்று. சீலன்டுக்கு இதைவிடத் தூய சொல் ஏது?

மொழிபெயர்ப்பாளர்:

ஒற்றை எடுத்துவிட்டேன் ஐயா, நன்றி. ஆனால் கலப்பற்று தூய சொல்லா? போர்ச்சுகீசிய மொழியில் அந்த வேலைக்காரரைக் 'கலஃபாத்தே' என்பார்கள். கலப்பத்து என்று வந்து, பிறகு கலப்பற்று என்று நாம் திருத்திக்கொண்டது போலத்தான் தெரிகிறது. சாவி, அலமாரி, ஜன்னல் வந்த அதே கப்பல்.

தமிழாசிரியர்:

கலம் சங்கத் தமிழ். போர்ச்சுகீசியர் வரும்வரை நம்மவர்கள் ஓட்டைத் தோணியிலா கடல் கடந்தார்கள்?

பட்டறைக்காரர்:

யாரும் அப்படிச் சொல்லவில்லை ஐயா. தோணியில் இடுக்கை அடைக்கிறார்கள். இங்கே அடைக்க ஓட்டையே இல்லை, மேலே ஒரு படலம் மட்டும்தான். கார் ஒழுகுகிறது என்று யாரும் என் பட்டறைக்கு இந்தத் திரவம் கேட்டு வந்ததில்லை. உள்ளபடி சொன்னால், நீங்கள் என்ன வைத்தாலும் பையன் கடையில் போய் 'கிளீனர் சீலன்ட்' என்றுதான் கேட்கப்போகிறான்.

கால்நடை மருத்துவர்:

கேட்கட்டுமே. கையேட்டில் புரிந்துகொண்டு போய்க் கேட்டால் போதாதா? துலக்குகாப்புக்கு என் ஓட்டு.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

சரி, அச்சகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். 'துலக்குகாப்பு' போகிறது. முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'கிளீனர்-சீலன்ட்' என்றும் இருக்கும். பட்டறை அண்ணனின் எச்சரிக்கை, பூசும் முறை, மறைவான இடத்தில் கொஞ்சம் பூசிப் பார்ப்பது, வெயிலில் சுடும் பானெட்டில் பூசாமல் இருப்பது எல்லாம் சேர்த்தாயிற்று. தமிழாசிரியர் ஐயாவின் மறுப்பும் குறிப்பில் உண்டு. டிரிமுக்கு 'ஓரணி' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நேரம் இல்லாததால் டிரிம் என்றே விட்டுவிட்டேன். தயவுசெய்து அதை இப்போது தொடங்க வேண்டாம்.

தமிழாசிரியர்:

தொடங்கவில்லை. ஓரமும் அணியும் புணர்ந்தால் மகரம் கெட்டு ஓரவணி என்றே வரும். ஓரணி என்றால் ஒரே அணி, அது தேர்தல் மேடைக்கு. மற்றவை அடுத்த மடலில்.