சென்னையில் அலுவலக வாடகை: சதுர அடி விலையை வைத்து ஒப்பிடலாமா?

வரவுசெலவு (கேள்வி):
வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் எங்கள் நிறுவனத்தில் 18 பேர் பணிபுரிகிறோம். இடம் போதாததால் இரண்டு அலுவலகங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது பெருங்குடியில் ஒரு புதிய அடுக்குமாடிக் கட்டடத்தில் 2,000 சதுர அடி. வாடகை சதுர அடிக்கு 70 ரூபாய், பராமரிப்புக் கட்டணம் 14 ரூபாய், எட்டு மாத அட்வான்ஸ். இரண்டாவது நுங்கம்பாக்கத்தில் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 1,600 சதுர அடி; வாடகை 85 ரூபாய், பராமரிப்பு 3 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ். பெருங்குடிதான் மலிவு என்கிறார் தரகர். எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட வேண்டும்?

கட்டுமானன்:
முதலில் அந்த 2,000, 1,600 என்ற அளவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவை பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் அளவாகவே இருக்கும்; அதாவது படிக்கட்டு, லிப்ட், நுழைவுக்கூடம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்லப்படும் அளவு. உங்கள் மேசை நாற்காலிகளைப் போடக்கூடிய இடம் கார்ப்பெட் ஏரியா மட்டுமே. அகன்ற நுழைவுக்கூடமும் பல லிப்டுகளும் உள்ள புதிய கட்டடங்களில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு வரை போவதுண்டு. ஒரு டேப்பை எடுத்துச் சென்று சுவருக்குச் சுவர் அளந்துவிட்டு வாருங்கள்.

வரவுசெலவு:
அளந்து பார்த்தோம். வியப்பாக இருக்கிறது, இரண்டிலுமே உள்ளளவு ஏறத்தாழ 1,350 சதுர அடிதான்.

கட்டுமானன்:
அப்படியானால் கணக்கு எளிது. பெருங்குடியில் வாடகை 1,40,000, பராமரிப்பு 28,000, ஆக மாதம் 1,68,000 ரூபாய். அதை 1,350ஆல் வகுத்தால் பயன்படும் சதுர அடிக்கு 124 ரூபாய் ஆகிறது. நுங்கம்பாக்கத்தில் 1,36,000 ரூபாயும் 4,800 ரூபாயும் சேர்ந்து 1,40,800. சதுர அடிக்கு 104 ரூபாய். தரகர் மலிவு என்று சொன்ன இடத்துக்குத்தான் மாதம் 27,200 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தணிக்கைமேசை:
மேற்கண்ட கணக்குடன் அட்வான்ஸையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுடைய பணம் ஆண்டுக்கணக்கில் வட்டியின்றி உரிமையாளரிடம் முடங்கிக் கிடக்கிறது. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், பெருங்குடியின் 11,20,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 9,300 ரூபாயும், நுங்கம்பாக்கத்தின் 13,60,000 ரூபாய்க்கு சுமார் 11,300 ரூபாயும் உங்களுக்கு மறைமுகச் செலவு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பத்து மாதமும் செல்லும் என்பதால், கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள்.

வாடகைக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கண்டு அஞ்ச வேண்டாம். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக வரவு வைக்கலாம்; அதாவது, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் சேவை ஏற்றுமதியாகக் கருதப்படுமானால் திரும்பப் பெறவும் வழி உண்டு, ஆனால் பணம் கைக்கு வரும்வரை உங்கள் நடைமுறைச் செலவுக்கு நெருக்கடி இருக்கும். உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தாலும், 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும். பழைய கட்டடத்தின் உரிமையாளர் தனிநபர் என்றால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். எனும் வருமான வரிப் பிடித்தம் கூடுதல் செலவு அன்று. உரிமையாளருக்குத் தரும் வாடகையிலிருந்தே பிடித்துச் செலுத்துவது.

தரமணிவாசி:
எண்கள் நுங்கம்பாக்கத்துக்குச் சாதகமாக இருந்தாலும், அங்கே ஈபி இணைப்பைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். பழைய கட்டடங்களில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை 18 கணினிகளுக்கும் ஏசிகளுக்கும் போதாமல் இருக்கலாம். அதை உயர்த்தும் கட்டணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இணைப்பு வணிகப் பயன்பாட்டுக்கானதுதானா என்பதையும் மின் கட்டண ரசீதில் சரிபாருங்கள். ஜெனரேட்டர் இல்லையென்றால் அந்த 3 ரூபாய் பராமரிப்பை 14 ரூபாயுடன் ஒப்பிடுவதே முறையாகாது.

பெருங்குடியில் நான் கேட்கும் முதல் கேள்வி, மின் அறையும் ஜெனரேட்டரும் எந்தத் தளத்தில் உள்ளன என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் நாள்கணக்கில் தடைபட்டது. கெடு தேதிக்குள் வேலையை முடித்துக் கொடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாரம் அலுவலகம் முடங்குவது வாடகையைவிடப் பெரிய இழப்பு.

லாக்-இன் காலத்தையும், அதாவது இடையில் காலி செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் காலத்தையும் பாருங்கள். மூன்று ஆண்டு லாக்-இன் என்று எழுதிவிட்டு ஓராண்டில் காலி செய்தால், மீதி மாதங்களின் வாடகையை அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்வார்கள். காலி செய்யும்போது தடுப்புச் சுவர்களையும் பொய்க்கூரையையும் அகற்றிப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருந்தால், உள்ளே நுழையும் நாளிலேயே படமெடுத்து ஒப்பந்தத்துடன் இணைத்துவிடுங்கள்.