திருச்சி – ஊட்டி – மசினகுடி: மே மாதம், தனி ஆள், சின்ன கார். பிரேக் தாங்குமா?

மலைக்கோட்டை

வணக்கம். மே இரண்டாவது வாரம் தனியாகக் காரில் கிளம்பலாம் என்றிருக்கிறேன். கரூர், காங்கேயம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அப்புறம் குன்னூர், ஊட்டி. மறுநாள் கல்லட்டி வழியாக மசினகுடி. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. மலைச்சாலை பழக்கமில்லை. ஏற்றத்தில் இன்ஜின் சூடாகுமா? பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படித் திருப்புவது?

காரமடை மெக்கானிக்

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பிரேக் ஆயிலை மாத்துங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். டாட் 4-ங்கற தரத்துல புது பிரேக் ஆயில் கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும். ஈரம் ஏறிட்டா 155 டிகிரியிலேயே கொதிச்சிரும். நீள இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அந்தச் சூடு சாதாரணமா வரும். ஆயில் கொதிச்சு குமிழ் விட்டா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. மாத்தும்போதே நாலு வீல் பிரேக் லைன்லயும் மாட்டின காத்தை எடுக்கச் சொல்லுங்க. பிரேக் பேடு கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா புதுசு போட்டுட்டே மலை ஏறுங்க.

இறக்கத்துக்குக் கணக்கு ஒண்ணுதான்: எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கணும். உங்க வண்டிக்கு பெரும்பாலும் ரெண்டாவது, வளைவுல முதல் கியர். வேகம் கூடினா ஒரு அழுத்து அழுத்தி, குறைஞ்சதும் காலை எடுத்துருங்க. நியூட்ரல் கூடவே கூடாது.

ஏத்தத்துல இன்ஜினைத் திணற விடாதீங்க. மூணாவது கியர்ல முக்கறதை விட ரெண்டாவதுல 3,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) நல்லது. ஊட்டி 2,240 மீட்டர். அங்க காத்து அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அஞ்சுல ஒரு பங்கு இழுவை போயிரும். வண்டியில கோளாறுன்னு பயந்துராதீங்க. டெம்பரேச்சர் முள் மேல போனா ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசா வைங்க. ஓரங்கட்டி ஐடிலிங்ல ஓட விடுங்க. ஆறாம ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க.

குன்னூர்வாசி

கல்லட்டித் திட்டத்தை மாற்றுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், 1,200 மீட்டருக்கும் மேல் செங்குத்து இறக்கம். பிரேக் போய் நடந்த விபத்துகளால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிகளுக்குத்தான் அனுமதி. நீங்கள் பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு சுற்றி மசினகுடி போக வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும், ஆனால் இறக்கம் மிதமானது. தெப்பக்காடு பக்கக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும்.

நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் செவ்வாய், புதன் பாருங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழி ஆக்குவது வழக்கம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை செக்போஸ்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் போதும்.

குன்னூர் ஏற்றத்தில் பர்லியாறுக்கு மேலே நெரிசலில் அரை கிளட்சில் நிற்க வேண்டாம், கிளட்ச் கருகிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள்.

குஞ்சப்பனை

தனியாக ஓட்டுபவருக்குக் காதுதான் துணை. வளைவுக்கு முன் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹாரன் அடித்துவிட்டுக் கேளுங்கள். அரசு பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் தேவை. எதிரே பஸ் வந்தால் வளைவுக்குள் நுழையாமல் பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி.

மே மாதம் மதியத்துக்கு மேல் இடிமழையும் மூடுபனியும் வரும். லோ பீம் மட்டும் போடுங்கள். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கோத்தகிரி இறக்கத்தில் எங்கள் பக்கம் பலாப்பழ சீசன், யானை சாலைக்கே வரும். இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். எதிரில் நின்றால் தள்ளியே நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹாரனும் வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

மலைக்கோட்டை

நன்றி. கூடலூர் வழியே போகிறேன். இறக்கத்தில் பிரேக் கருகல் வாசனை வந்தால் வீலில் தண்ணீர் ஊற்றலாமா?

காரமடை மெக்கானிக்

ஊத்தவே கூடாதுங்க. சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிரும், விரிசல்கூட விடும். அகலமான இடமாப் பார்த்து நிறுத்துங்க, முதல் கியர்ல போட்டு டயருக்குக் கல் வைங்க. ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீங்க, பின் டிரம்மும் சூடாத்தான் இருக்கும். அரை மணி நேரம் ஆறினதும் பெடலை மிதிச்சுப் பாருங்க. கெட்டியா நின்னா கிளம்பலாம். இன்னும் அமுங்கினா அங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.