ஒளிப்படத்தில் 'நாய்ஸ்': இரைச்சலா, குருணையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படக் கருவி வாங்குவோருக்கான கையேட்டின் சொற்பட்டியலில், படத்தில் வேண்டாத சிதறலாகத் தோன்றும் குறையைக் குறிக்கும் 'நாய்ஸ்' என்பதற்கு நேரே 'இரைச்சல்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல். மின்னணுவியலில் 'இரைச்சல்' பொருத்தமான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர், கடையில் இரண்டு கருவிகளை மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்து, எதை வாங்குவது என்று தயங்கி நிற்பவர். அவர் கண்ணால் காணப்போகும் ஒரு குறைக்குக் காதால் கேட்கும் ஒன்றின் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.

அந்தத் தயக்கம் எப்படித் தீர்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் மைத்துனர் கருவி வாங்கியபோது, ஜூம் எத்தனை மடங்கு, மெகாபிக்சல் எத்தனை, வைஃபை உண்டா, திரை மடங்குமா என்பனவெல்லாம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. கடைக்காரரும் அவற்றை வரிசையாகச் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் படம் எப்படி வரும் என்று கேட்க மைத்துனருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எந்தச் சொல்லால் கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. ஊர்த் திருவிழாவில் இரவு சுவாமி புறப்பாட்டை எடுத்துவந்து கணினியில் திறந்தவுடன், "என்ன இது, படம் முழுக்க ரவையைத் தூவினாற்போல் இருக்கிறதே" என்றார். படம் இரைகிறது என்று அவர் சொல்லவில்லை, யாரும் சொல்லமாட்டார்கள்.

வசதிகளுக்குப் பெயரும் எண்ணும் இருக்கின்றன. படத்தரத்தின் குறைகளுக்கு வாங்குபவரின் வாயில் பெயரே இல்லை. பெயருள்ளதையும் பெயரில்லாததையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பது தெரிந்ததே. ஆகவே 'குருணை' என்ற சொல்லை முன்மொழிகிறேன். அரிசி உடைந்த நொய்யைக் குருணை என்கிறோம். வேளாண்மையில் தூளாகவும் நீர்மமாகவும் இல்லாமல் பொடிமணிகளாக வரும் மருந்தைக் 'குருணை மருந்து' என்று உழவர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். சீராக இருக்க வேண்டிய பரப்பு பொடிப்பொடியாகச் சிதறித் தெரிவதற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மைத்துனரின் 'ரவை'யையும் எண்ணிப் பார்த்தேன். அது அடுப்படியை விட்டு வெளியே வர மறுக்கிறது.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதில் தெளிவு வேண்டுமென்றால், அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒளி, மழைத்துளிகள் முற்றத்தில் விழுவதுபோல், ஒளித்துகள்களாக விட்டுவிட்டு வந்து விழுகிறது. ஒரே சீரான வெள்ளைச் சுவரைப் படமெடுத்தாலும், அடுத்தடுத்த இரண்டு படப்புள்ளிகளில் விழும் துகள்களின் எண்ணிக்கை சரிசமமாக இராது. சராசரி 10,000 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது 1 விழுக்காடு. அதைக் கண் பொருட்படுத்தாது. அதே புள்ளியில் 100 துகள்களே விழும் இருட்டில் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு ஆகிவிடுவதால், சுவர் பொடிபொடியாகத் தெரியத் தொடங்குகிறது. இதன்மேல் கருவியின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் பிழையும் உண்டு. கருவியின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதால் குருணை பிறக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். ஒளி குறைவாக வந்ததால் பிறந்ததைத்தான் அந்த எண் பெருக்கிக் காட்டுகிறது.

எனவே குருணையைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது, கருவிக்குள் ஒளியைப் பதியும் சில்லான உணரி மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறது என்பதே. இங்கே நம் பட்டியலில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'ஒரு அங்குல உணரி' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அந்த உணரியில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. அதன் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், மூலைவிட்டம்கூட 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கருவிகளில் இருந்த குழாய்களின் கண்ணாடி வெளிவிட்டத்தைக் கொண்டு அளவு சொன்ன வழக்கம், குழாய்கள் மறைந்த பின்னும் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. '1/2.3 அங்குலம்' என்பதும் அப்படிப்பட்டதே. அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 'ஒரு அங்குல' உணரிக்கு 116, இடைநிலை அளவான ஏபிஎஸ்-சி உணரிக்குச் சுமார் 370, 36க்கு 24 மில்லிமீட்டர் கொண்ட முழுச்சட்ட உணரிக்கு 864. கையேட்டில் அங்குலத்தை அடியோடு விட்டுவிட்டுச் சதுர மில்லிமீட்டரையே கொடுத்தால், முதலாவதைவிடக் கடைசியானது ஏறத்தாழ 31 மடங்கு பெரியது என்பதை வாங்குபவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார். தவறான பெயரைத் தமிழாக்குவதால் அது சரியாகிவிடாது.

இவ்வளவு சொன்னதால் வசதிகளை நான் இளக்காரமாக நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். 2015இல் வந்த நிக்கான் பி900 கருவியின் உணரி மேலே சொன்ன 28 சதுர மில்லிமீட்டர் வகை. ஆனால் அதன் ஜூம் 83 மடங்கு, அதன் குவியத் தொலைவு முழுச்சட்டக் கணக்கில் 2000 மில்லிமீட்டர் வரை போகும். வேடந்தாங்கலில் காலை வெயிலில் ஏரி நடுவே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையை எடுக்க அது போதும். முழுச்சட்டக் கருவியில் அதற்கு ஈடான வில்லையைத் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பது எல்லோராலும் ஆகிற காரியம் அன்று. எட்டாத பறவைக்குத் தரமும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் அதே வில்லை அகலக் கோணத்தில் எஃப் 2.8 வரை (இந்த எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும்) திறப்பது, முழு ஜூமில் எஃப் 6.5க்குச் சுருங்கிவிடுகிறது, உணரிக்கு வரும் ஒளி 5இல் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மாலை மங்கியதும் அந்த வசதியே குருணையைக் கொண்டுவந்து கொட்டும். பெட்டியின் மேல் 83 அச்சாகியிருக்கிறது. இந்த ஐந்தில் ஒன்று அச்சாகவில்லை.

விற்பவர்களே இதை உணர்ந்து பின்வாங்கிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. கேனன் 2008இல் வெளியிட்ட பவர்ஷாட் ஜி10 கருவியில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11இல் அதை 10 ஆகக் குறைத்து, மங்கிய ஒளியில் படம் மேம்படும் என்றார்கள். உணரியின் பரப்பு மாறாதபோது புள்ளிகளைக் குறைப்பதால் மட்டும் மொத்த ஒளி கூடிவிடாது. புதிய உணரியின் அமைப்பும் அதில் பங்கு வகித்தது. எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: முந்தைய ஆண்டைவிடச் சிறிய எண்ணைப் பெட்டியில் அச்சிட்டு விற்கத் துணிந்தவர்களுக்கு, அதற்கு ஈடாகக் கூடிய தரத்தைச் சொல்ல அப்படிப்பட்ட ஓர் எண் கைவசம் இருக்கவில்லை.

இதனுடன் இன்னொரு சொல்லையும் சேர்த்தால்தான் குருணை முழுமை பெறும். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்பது வசதியாகவே விற்கப்படுகிறது; நம் பட்டியலும் 'இரைச்சல் குறைப்பு' என்று அதை வாழ்த்தி வரவேற்கிறது. கருவிக்குள்ளிருக்கும் மென்பொருள், பொடிபொடியாகத் தெரிவதையெல்லாம் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சராசரியாக்கிச் சமன் செய்கிறது. அளவோடு செய்தால் நன்மை. மிஞ்சிப்போனால் குருணையோடு பட்டுப்புடவையின் சரிகைக் கண்ணியும், தாத்தாவின் முகச் சுருக்கமும், வேப்பிலையின் பல்விளிம்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. மண் தரையில் சாணம் மெழுகினால் கீறலும் மறையும், கோலத்தின் பழைய தடமும் மறையும். ஆகவே இந்தக் குறையை 'மெழுகல்' எனலாம் என்பது என் கருத்து. குருணையே இல்லாத இரவுப் படத்தைக் கடையில் காட்டினால், வாங்குபவர் உடனே மகிழாமல், பெரிதாக்கிப் பார்த்து, "மெழுகியிருக்கிறதா?" என்று கேட்கட்டும்.

'டைனமிக் ரேஞ்ச்' பற்றி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 'இயங்கு வீச்சு' எனக்கு ஒப்பவில்லை, ஏனெனில் அங்கே எதுவும் இயங்கவில்லை. தாராசுரத்தில் இராசகம்பீரன் திருமண்டபத்துக்குள் நின்று தூண் சிற்பத்தைப் படமெடுத்தால், வெளியே வெயில் வெளுத்துப்போகும் அல்லது தூண் கருத்துப்போகும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் திறனை 'ஒளிநிழல் வீச்சு' எனலாம். அதை அளக்கும் 'ஸ்டாப்' என்பதை நிறுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒளியை இரண்டு மடங்காக்குவதால் 'இரட்டி' போதும். 10 இரட்டி என்றால் 1,024 மடங்கு.

குருணை, மெழுகல் இரண்டையும் குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். மெழுகலை எதிர்ப்பின்றி ஏற்கிறேன். குருணையை அப்படியே ஏற்க முடியவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, 'நாய்ஸ்' என்பது ஒலிக்கு உரியதாகத் தொடங்கினாலும், இன்று அளவீட்டியல் முழுவதற்கும் பொதுவான கருத்து. வானொலியிலும், இதயத் துடிப்பைப் பதியும் கருவியிலும், தொலைநோக்கியிலும், ஒளிப்படத்திலும் சைகைக்கும் (சிக்னல்) இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்று ஒரே தொடரால் சொல்கிறோம். ஒளிப்படத்துக்கு மட்டும் தனிச்சொல் வைத்தால், கையேட்டைப் படித்த மாணவர் நாளை பொறியியல் வகுப்பில் அதே கருத்தைச் சந்திக்கும்போது அடையாளம் காணமாட்டார்.

இரண்டாவது, படத்தில் தோன்றும் இரைச்சல் எல்லாம் பொடியாக இருப்பதில்லை. நிழற்பகுதியை மென்பொருளில் வெளுக்கும்போது சில கருவிகளில் குறுக்கும் நெடுக்குமாக வரிகள் தெரிகின்றன. குறைந்த ஒளியில் சாம்பல் நிறச் சுவரில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் படர்கின்றன. நீண்ட நேரம் திறந்துவைத்து விண்மீன்களை எடுத்தால், உணரி சூடேறி, விண்மீன் போலவே பொய்ப்புள்ளிகள் மின்னுகின்றன. இவற்றுள் எதையும் குருணை என்று கூற முடியாது. நான்கில் ஒன்றுக்குரிய பெயரை நான்குக்குமாக வைத்தால், தாங்கள் அங்குலத்தின்மேல் சுமத்திய குற்றமே நம்மீதும் வரும்.

*

மறுமொழி:

அன்புடையீர், இரண்டாவது காரணம் என்னை மடக்கிவிட்டது. அங்குலத்தை நீங்கள் எடுத்த இடம் நியாயமானது. முதல் காரணத்தில் மட்டும் பாதி உடன்படுகிறேன். பொறியியல் வகுப்புக்குப் போகும் மாணவரைவிடக் கடைக்குப் போகும் மாமாக்கள் மிகுதி.

எனவே இவ்வாறு திருத்துகிறேன். 'இரைச்சல்' பொதுச்சொல்லாகவே இருக்கட்டும். உணரியின் அளவீடுகளைப் பேசும் இயலில் அதுவே வரும். அதன் கீழே, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைக் கொண்டு, பொடியாக வருவது குருணை, வரிவரியாக வருவது பட்டை, நிறம் படர்வது திட்டு, சூட்டில் மின்னுவது பொய்ப்புள்ளி என நான்கு பதிவுகள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் இயலில் இந்த நான்கும் மெழுகலும் மட்டும் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே அறையை ஒரே விளக்கில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துவிட்டால், வசதிகளின் பட்டியலுக்கு எதிரே வாங்குபவர் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். 'இரைச்சல் குறைப்பு' என்ற தலைப்பு அப்படியே இருக்கலாம். விளக்கத்தின் முதல் வரியிலேயே மெழுகல் வந்துவிட வேண்டும்.

வினைச்சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. 'குருணை ஏற்படுகிறது' என்று ஒரு வரைவில் எழுதியிருக்கிறீர்கள். அரவையில் நொய் விழுகிறது என்றும், துணியில் கோடு விழுகிறது என்றும் சொல்கிறோம். 'இந்தக் கருவியில் இரவுப் படங்களுக்குக் குருணை விழும்' என்றே அச்சுக்குக் கொடுங்கள்.