வெற்றிடத்து கேலக்ஸியை வளர்ப்பது தனிமையா, எடையா?

துருவன்:
சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூட்டீஸ் விண்மீன் கூட்டத்தின் திசையில், 1981-ல் வானியலாளர் ராபர்ட் கிர்ஷ்னர் குழு ஒரு பெரும் வெற்றிடத்தை, அதாவது கேலக்ஸிகள் மிக அரிதான பகுதியைக் கண்டது. குறுக்களவு ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டு. அதற்குள் தெரிந்த கேலக்ஸிகள் அறுபது சொச்சம்தான். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த கேலக்ஸியை யாரும் மோதுவதில்லை, யாரும் அதன் வாயுவை உருவுவதில்லை. அதனால்தான் இவை சிறியதாக, நீலமாக, இன்றும் நட்சத்திரங்களைப் பெற்றபடி இருக்கின்றன. தனிமைதான் காரணம் என்பது என் வாதம்.

நாழிகை:
"யாரும் மோதுவதில்லை" என்பதை ஏற்கவே மாட்டேன். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியில் 55 வெற்றிடக் கேலக்ஸிகளை ஆராய்ந்தார்கள். 41-ல் ஹைட்ரஜன் வாயு தெரிந்தது. அக்கம்பக்கத்தில் வாயு செறிந்த வேறு 18 கேலக்ஸிகளும் தென்பட்டன. அந்த ஆய்வுப் பட்டியலில் விஜிஎஸ் 31 என்ற எண் கொண்டதைப் பாருங்கள்: ஒரே வரிசையில் மூன்று கேலக்ஸிகள், மூன்றையும் மூடிய ஒரே வாயுப் போர்வை. அவற்றில் ஒன்றுக்கு வாலும் வளையமும் இருக்கின்றன. மோதலின் தழும்பு அது. ஊரே காலி, ஆனால் இருக்கும் மூன்று வீடும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன!

இன்னொன்று. அதே ஆய்வு, இவற்றின் ஒளிக்கும் வடிவத்துக்கும் இந்த வாயு அளவு வழக்கமானதுதான் என்கிறது. சிறிய கேலக்ஸி எங்கிருந்தாலும் நீலமாகத்தான் இருக்கும். எடையைக் கேளுங்கள், முகவரியைக் கேட்காதீர்கள்.

துருவன்:
விஜிஎஸ் 31 பற்றிச் சொன்னது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஜிஎஸ் 12-ஐ எங்கே வைப்பீர்கள்? இரண்டு வெற்றிடங்களுக்கு இடையிலான மெல்லிய சுவரில் அது இருக்கிறது. அதன் நட்சத்திரத் தட்டுக்குச் செங்குத்தாக ஒரு வாயுத் தட்டு சுழல்கிறது, அதில் நட்சத்திரமே தெரியவில்லை. மோதி வந்த வாயு என்றால் உள்தட்டு கலைந்திருக்க வேண்டும். அது அலுங்காமல் இருக்கிறது. வெளியிலிருந்து குளிர்ந்த வாயு மெல்லச் சொட்டிச் சேர்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம். கேலக்ஸிகள் நெருங்கிய கூட்டத்துக்குள் இப்படி ஒரு தட்டு பிழைக்குமா? எனக்கு இந்த ஒரு படமே போதும்.

நாழிகை:
ஒரு படத்தை வைத்து விதி எழுத முடியாது. ஒரே எடையுள்ளவற்றை ஒப்பிட்டுக் காட்டுங்கள், கேட்கிறேன்.

கீழ்வானம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாழிகை கேட்ட ஒப்பீடு 2023-ல் நேச்சர் இதழில் வந்துவிட்டது. வெற்றிடக் கேலக்ஸிகளை ஆராயும் கேவிட்டி திட்டக் குழுவினர், ஸ்லோன் வான்கணக்கெடுப்பின் நிறமாலைகளை வைத்து வெற்றிடம், கேலக்ஸிகள் நூல்போல் கோத்திருக்கும் இழை, அவை நெருங்கிக் குவிந்த கொத்து என மூன்று இடங்களிலும் ஒரே எடைக் கேலக்ஸிகளை ஒப்பிட்டார்கள். சராசரியில் வெற்றிடத்தவை மெதுவாகத்தான் நட்சத்திரம் சேர்த்திருக்கின்றன. ஆக, முகவரிக்கும் பங்கு உண்டு.

நாழிகை:
நல்ல ஆதாரம், இது என்னை நகர்த்துகிறது. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஸ்லோனில் ஒளியை வாங்கும் கண்ணாடி இழை வானில் 3 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) அகலம்தான், பெரும்பாலும் கேலக்ஸியின் நடுப்பகுதியின் ஒளியையே பிடிக்கும். வெளித்தட்டின் வரலாறு அதில் வராது. இளம் நீல நட்சத்திரங்களின் வெளிச்சத்தில் கிழட்டு நட்சத்திரங்கள் மறைந்துபோகும் சிக்கலும் இருக்கிறது.

துருவன்:
அதற்காகத்தான் ஸ்பெயினின் காலார் ஆல்ட்டோ 3.5 மீட்டர் தொலைநோக்கியில் அதே குழு கேலக்ஸியை முழுதாக, புள்ளிபுள்ளியாக நிறமாலை எடுக்கிறது. வெளித்தட்டும் தாமதம் என்று வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

நாழிகை:
வந்தால் ஒப்புக்கொள்வேன். வெளித்தட்டு வேகமாக வளர்ந்திருந்தால் நீங்கள்?

துருவன்:
நானும்தான்.