தொலைக்கல்வியில் இயற்கை மருத்துவம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்க்கலாமா?

கோண்டாவில் பிள்ளை:
வணக்கம். எனக்கு 32 வயது. ஏ.எல். வர்த்தகப் பிரிவில் படித்து, இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மப்பா முறிவு நெரிவுக்குப் பத்துப் போட்ட பரியாரியார். அவர் வைத்த ஆடாதோடையும் நொச்சியும் இன்னும் வளவில் நிற்கின்றன. லண்டன் கல்லூரி ஒன்று ஒன்லைனில் இயற்கை மருத்துவ டிப்ளோமா நடத்துகிறது. முடித்துவிட்டு, சீனி வருத்தம், பிறசர் என்று வருகிறவர்களுக்கு வீட்டு முன்னறையில் உணவும் மூலிகையும் சொல்லிக்கொடுக்க விருப்பம். ‘உலகமெங்கும் தொழில் செய்யலாம்’ என்கிறார்கள். உண்மையா? ரொறன்ரோவில் அக்கா இருக்கிறா. பிறகு அங்கே போனால் உதவுமா?

கைதடியில் படித்த அக்கா:
தங்கச்சி, காசு கட்ட முதல் கேட்டது நல்லது. நான் சித்த வைத்தியர்.

இங்கே 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. சித்தம், யுனானி, பரம்பரை வைத்தியம் எல்லாம் அதற்குள் வரும். ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதியாமல் வைத்தியராகத் தொழில் செய்ய முடியாது. நாங்களே பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, உள்ளகப் பயிற்சியும் செய்துதான் பதிந்தோம். ஒன்லைன் டிப்ளோமா உங்கள் பெயரை அந்தப் பதிவேட்டில் ஏற்றாது.

லண்டனில் தொழில் செய்யலாம் என்பது பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் அந்தச் சான்றிதழ் இல்லை. இயற்கை மருத்துவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அங்கே சட்டம் எந்தப் பதிவும் கேட்பதில்லை. அதே நாட்டில் டயற்றீசியன், அதாவது உணவுமுறை நிபுணர், என்று போட வேண்டுமென்றால் பதிவு கட்டாயம். எந்த மண்ணில் இருந்து நோயாளியைப் பார்க்கிறீர்களோ, அந்த மண்ணின் சட்டம்தான் உங்களுக்கு. கல்லூரி எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது.

சட்டத்தை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை வேறு. சிறுநீரகம் பழுதான ஒரு ஐயா, உடம்புச் சூடு தணிய என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாளாந்தம் இளநீர் குடித்துவந்தார். இளநீரில் பொட்டாசியம் கனக்க. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். கைகால் சோர்ந்து வந்தவரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இருமலுக்கு நாங்கள் எல்லோரும் வாயில் போடும் அதிமதுரமும் அப்படித்தான், தொடர்ந்து எடுத்தால் பிறசரைக் கூட்டும். பாகற்காய்ச் சாற்றைச் சீனிக் குளிசையோடு சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கக்கூடும். நோயாளியின் கையைப் பிடித்து, இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கப் படிக்க வேண்டிய விஷயங்கள் இவை. காணொளியில் வராது.

வைத்தியத்தில்தான் மனம் என்றால் அம்மப்பாவின் வழியைப் பாருங்கள். முறிவு நெரிவு, விஷகடி போன்றவற்றில் குருவிடம் பழகிய பரம்பரை வைத்தியர்களையும் சபை பரீட்சித்துப் பதிகிறது. மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தில் போய் விசாரியுங்கள்.

ரொறன்ரோ மாமா:
பிள்ளை, ஒன்ராறியோவில் 2015 ஜூலை தொடக்கம் இயற்கை மருத்துவர்களுக்கென்று ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. நாலு வருடம் நேரில் படித்து, சோதனையும் பாஸ் பண்ண வேண்டும். தொலைக்கல்வி எடுபடாது. அக்காவையும் கேட்டுப் பாருங்கள்.

ஜேர்மனித் தம்பி:
இங்கே கொஞ்சம் வித்தியாசம். ஹைல்பிராக்டிகர் (டொக்டர் இல்லாமல் மாற்று வைத்தியம் பார்க்க அனுமதி பெற்றவர்) ஆவதற்குத் தொலைக்கல்வியில் படித்துத் தயாராகலாம், ஆனால் சுகாதார அலுவலகத்தின் சோதனையில் தேற வேண்டும். 25 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

கோண்டாவில் பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அப்படியென்றால் அறிவுக்காக மட்டும் படிக்கலாமா? குரக்கன், வல்லாரை, முருங்கையிலை சமைக்கப் பெண்களுக்கு வகுப்பு வைத்தால் பிரச்சினையா?

கைதடியில் படித்த அக்கா:
வடிவாக வையுங்கள், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். நான்கூட வந்து பேசுகிறேன். பெயர்ப்பலகையில் வைத்தியர் என்று போடாதீர்கள். நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த குளிசையை நிறுத்தச் சொல்லி எவருக்கும், சொந்தக்காரருக்குக்கூட, ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். சூரணம் அரைத்துப் போத்தலில் அடைத்து, இன்ன வருத்தத்துக்கு மருந்து என்று விற்கவும் வேண்டாம். படிப்பதென்றால் படியுங்கள், ஆனால் தவணைக் காசு கட்ட முதல் அந்தக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘இலங்கையில் எந்தச் சபை இந்தச் சான்றிதழை ஏற்றுப் பதிகிறது?’ சபையின் பெயரை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வருகிற பதிலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.